சராசரியும் செயல்முறையும்: ராஸ் டெய்லரின் ஆண்டசைட் மாதிரியும் கண்ட மேலோட்டின் தோற்றம் பற்றிய ஆய்வு வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கண்டங்களின் மேலோடு புவித்தட்டுகள் இணையும் எல்லைகளில் உருவாகிறது என்னும் கருத்து இன்று பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. அக்கருத்துக்குப் புவிவேதியியல் அடிப்படை அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டூவர்ட் ராஸ் டெய்லர். 1965–1967 ஆண்டுகளில் அவர் முன்வைத்த ஆண்டசைட் மாதிரி எச்சூழலில் பிறந்தது, எச்சான்றுகளால் வலுப்பெற்றது, எங்கே இடறியது, பின்வந்தோர் அதனை எவ்வாறு திருத்தினர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இரு பொருள்களின் சராசரிக் கூறுகள் ஒத்திருப்பது ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிய முறையைக் காட்டுவதில்லை. டெய்லர் மாதிரி எதிர்கொண்ட பெரும் இடர்ப்பாடுகள் இவ்விடைவெளியிலிருந்தே எழுந்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கண்ட மேலோடு, இணையும் எல்லை, தீவு வில், ஆண்டசைட், யூரோப்பியம் குறைபாடு, கோஹிஸ்தான், ராஸ் டெய்லர்

முன்னுரை

புவியின் மேலோடு ஒரே தன்மையது அன்று. கடல்தளத்துக்கு அடியில் அமைந்த மேலோடு ஏறத்தாழ 7 கி.மீ. தடிப்புடையது, பசால்ட்டும் அதனை ஒத்த கூறுடைய காப்ரோவுமே அதன் பெரும்பகுதி. கண்டங்களின் மேலோடு சராசரியாக 40 கி.மீ. தடிப்புடையது, கிரானைட் முதல் காப்ரோ வரை பல்வகைப் பாறைகளின் கலவை அது. காலத்திலும் இவற்றிடையே பெரும் வேற்றுமை உண்டு. இன்றைய பெருங்கடல்களின் தளத்தில் 20 கோடி ஆண்டுகளைக் கடந்த பாறை அரிது. கண்டங்களிலோ வடமேற்குக் கனடாவின் அகாஸ்டா நைஸ் போன்று 400 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறையும் கிடைத்துள்ளது.

நம் பள்ளிப் பாடநூல்கள் இன்றும் கண்ட மேலோட்டைச் 'சியால்' என்றும் கடல்தள மேலோட்டைச் 'சிமா' என்றும் குறிக்கின்றன. எட்வர்ட் சூயஸ் வழிவந்த இச்சொற்கள் இரண்டிலும் மிகுந்துள்ள தனிமங்களைச் சுட்டுகின்றனவேயன்றி, அவ்வேற்றுமை தோன்றிய வகையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஆய்வுக்குரிய வினா அங்குதான் தொடங்குகிறது.

பசால்ட்டில் சிலிக்கா ஏறத்தாழ 50 விழுக்காடு. கண்ட மேலோட்டின் சராசரியில் ஏறத்தாழ 60 விழுக்காடு. பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த 10 விழுக்காட்டு வேறுபாடே முழுச் சிக்கலும் ஆகும். மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசத்தின் பாறை ஓரளவு உருகும்போது பொதுவாகக் கிடைப்பது பசால்ட் குழம்பு. எனவே கண்ட மேலோடு கவசத்திலிருந்து ஒரே படியில் வந்திருத்தல் அரிது. முதலில் பசால்ட் பிரிந்து, பின்னர் அதிலிருந்து சிலிக்கா மிகுந்த பகுதி பிரிந்திருக்க வேண்டும். அவ்வாறாயின் சிலிக்கா குறைந்த எச்சம் ஒன்று எங்கேனும் இருந்தாக வேண்டும். அந்த எச்சம் எங்கே என்னும் கேள்வி இவ்வரலாறு முழுவதும் வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப எழுவதைக் காணலாம்.

சராசரியைத் தேடிய காலம்

டெய்லருக்கு முன்னோடிகள் சராசரி காண்பதில் ஈடுபட்டவர்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் கிளார்க்கும், ஹென்றி வாஷிங்டனும் இணைந்து 1924இல் வெளியிட்ட ஆய்வில் 5,159 தீப்பாறைப் பகுப்பாய்வுகளைத் தொகுத்துச் சராசரி கண்டனர். சிலிக்காவின் அளவு ஏறத்தாழ 59 விழுக்காடு என வந்தது. எப்பாறை எவ்வளவு பரப்பில் உள்ளது என்பதை எண்ணாமல் பகுப்பாய்வுகளை மட்டும் எண்ணியது இம்முறையின் வெளிப்படையான குறை.

விக்டர் கோல்ட்ஷ்மிட் வேறு வழியில் சென்றார். பனியாறுகள் பரந்த நிலப்பரப்பை அரைத்துச் சேர்த்த களிமண்ணை நார்வேயில் திரட்டி ஆராய்ந்தார். மனிதன் பொறுக்கியெடுக்கும் மாதிரிகளுக்கு மாறாக, இயற்கையே கலந்து தந்த மாதிரி அது. அவருக்குக் கிடைத்த சிலிக்கா அளவும் 59 விழுக்காட்டை ஒட்டியே அமைந்தது. இரு வேறு முறைகள் ஒரே எண்ணைத் தந்தமை அவ்வெண்ணுக்கு வலுச் சேர்த்தது. இயற்கை கலந்த படிவைச் சான்றாகக் கொள்ளும் கோல்ட்ஷ்மிட்டின் இந்த உத்தியே அரை நூற்றாண்டுக்குப் பின் டெய்லருக்கும் கைகொடுத்தது.

ஏறத்தாழ 59 விழுக்காடு சிலிக்காவுடைய எரிமலைப் பாறைக்கு முன்னரே ஒரு பெயர் இருந்தது. ஆண்டிஸ் மலைத்தொடரின் பாறைகளை ஆராய்ந்த லியோபோல்ட் ஃபான் பூக் 1830களில் அவற்றை ஆண்டசைட் என வழங்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்து நிலவியலாளர் பேட்ரிக் மார்ஷல், பசிபிக் பெருங்கடலைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு வரைய இயலும் எனக் காட்டினார். கோட்டுக்கு உட்புறம் உள்ள தீவுகளில் பசால்ட் எரிமலைகள். அதற்கு அப்பால் கண்ட விளிம்புகளிலும் வில் வடிவத் தீவுக்கூட்டங்களிலும் ஆண்டசைட் எரிமலைகள். கண்டத்தின் சராசரியும் கண்ட விளிம்பின் எரிமலைப் பாறையும் ஒரே கூறுடையவை என்பதற்கான தரவுகள் அப்போதே கைவசம் இருந்தன. அவற்றை இணைத்து நோக்க மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

அத்தாமதத்துக்கு ஒரு காரணம் நார்மன் போவெனின் செல்வாக்கு எனலாம். 1928இல் வெளிவந்த அவரது நூல், பசால்ட் குழம்பு குளிர்கையில் சிலிக்கா குறைந்த கனிமங்கள் முதலில் படிகமாகிப் பிரிய, எஞ்சும் குழம்பு படிப்படியாகச் சிலிக்கா மிகுந்ததாக மாறும் என ஆய்வகச் சான்றுகளுடன் நிறுவியது. கிரானைட்டின் தோற்றத்துக்கு அது தந்த விளக்கம் தெளிவானது. ஆயினும் இவ்வழியில் பெரும் அளவு பசால்ட்டிலிருந்து சிறு பங்கு கிரானைட்டே கிடைக்கும். கண்டங்களில் கிரானைட் பெருகிக் கிடக்க, அதனினும் பன்மடங்காக இருக்கவேண்டிய எச்சம் கண்ணில் படவில்லை. இதனைச் சுட்டியே ஒரு சாரார் கிரானைட் குழம்பிலிருந்து தோன்றவில்லை, பழம்பாறைகள் உருமாறித் தோன்றியது என வாதிட்டனர். 1940களில் கடுமையாக நடந்த அவ்விவாதத்தில் கண்ட மேலோட்டின் தோற்றம் என்னும் பெருவினா பின்தள்ளப்பட்டது.

கான்பராவில் பிறந்த மாதிரி

டெய்லர் 1925இல் நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டனில் பிறந்தவர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேப் டவுனிலும் பணியாற்றி, 1961இல் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். லூயிஸ் அரென்ஸுடன் இணைந்து நிறமாலைப் பகுப்பாய்வு பற்றிய நூலை உருவாக்கியவர் அவர். பாறையியலாளர் பலர் நுண்ணோக்கியின் வழியே கனிமங்களைக் கண்டு பயின்றவர்கள். டெய்லரோ கருவியின் முன் நின்று தனிமங்களை எண்ணிப் பயின்றவர். அவரது மாதிரியின் வலிமையும் குறையும் இப்பயிற்சியிலிருந்தே வந்தன என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

கான்பராவில் அவர் தீப்பொறி மூல நிறை நிறமாலைவரைவியைப் பாறைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் உள்ள தனிமங்கள் பலவற்றை ஒருசேர அளக்க அது வழி செய்தது. சிலிக்கா, அலுமினா முதலிய பெருங்கூறுகள் ஒத்துப்போவது தற்செயலாகவும் நேரலாம். ருபீடியம், பேரியம், தோரியம், அருமண் தனிமங்கள் போன்ற நுண்தனிமங்களும் ஒத்துப்போனால் அதனைத் தற்செயல் எனத் தள்ளுதல் எளிதன்று.

1965இல் ஆலன் வைட்டுடன் இணைந்து 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்ட குறுங்கட்டுரை ஆண்டசைட்டின் புவிவேதியியலைக் கண்டங்களின் வளர்ச்சியோடு தொடர்புபடுத்தியது. 1967இல் 'டெக்டானோஃபிசிக்ஸ்' இதழில் கண்டங்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி எழுதிய கட்டுரையில் மாதிரி முழு வடிவம் பெற்றது. தீவு வில்களிலும் கண்ட விளிம்புகளிலும் வெளிப்படும் ஆண்டசைட்டே கண்டங்களின் மூலப்பொருள்; கண்டங்கள் விளிம்புகளில் படிப்படியாகச் சேர்ந்து வளர்ந்தன என்பது அதன் சாரம்.

இக்கட்டுரைகளின் காலம் கவனத்துக்குரியது. புவித்தட்டுக் கொள்கை முறையான வடிவம் பெற்றது 1967–1968 ஆண்டுகளில்தான். ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழ்கிறது என்பது பொதுக் கருத்தாகும் முன்னரே, அவ்வமிழ்வின் விளைபொருளைக் கண்டங்களின் மூலப்பொருளாக டெய்லர் இனங்கண்டார். அலூசியன் தீவு வில்லை ஆராய்ந்த ராபர்ட் கோட்ஸ், கடல்தள மேலோடு வில்லின் அடியில் சென்று எரிமலைக் குழம்பு உருவாகத் துணை செய்கிறது என 1962இலேயே எழுதியிருந்தார். அது உரிய கவனம் பெறவில்லை. புவித்தட்டுக் கொள்கையின் வரலாற்றைக் காந்தப் பட்டைகளிலும் நிலநடுக்கப் பதிவுகளிலும் மட்டும் தேடும் நூல்கள் எரிமலைப் பாறை வழியே வந்த இந்தக் கிளையைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

ஆண்டசைட் எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கும் கான்பராவிலேயே விடை கிடைத்ததாகக் கருதப்பட்டது. ட்ரெவர் கிரீனும் டெட் ரிங்வுட்டும் 1968இல் வெளியிட்ட உயரழுத்தச் சோதனைகளில், பசால்ட் ஆழத்தில் எக்லோகைட்டாக மாறி ஓரளவு உருகினால் ஆண்டசைட் குழம்பு கிடைக்கக்கூடும் எனக் காட்டினர். எக்லோகைட் என்பது கார்னெட்டும் பைராக்சீனும் நிறைந்த அடர்பாறை. அமிழும் கடல்தள மேலோடு உருகி ஆண்டசைட் தருமாயின், எச்சம் தட்டோடு சேர்ந்து கவசத்துள் சென்றுவிடும். போவென் காலத்திலிருந்து தொடர்ந்த கேள்விக்கு இது மிக எளிய விடை. மேலோட்டில் எச்சத்தைத் தேடவே வேண்டியதில்லை.

களிப்பாறையும் நிலவும்

ஆண்டசைட் மாதிரிக்கு உடனடித் தடை ஒன்று இருந்தது. நாம் காணும் கண்ட மேற்பரப்பு ஆண்டசைட் அன்று; கிரானைட்டை நெருங்கிய கூறுடையது. மேற்பகுதி மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? கோல்ட்ஷ்மிட்டின் வழியில் டெய்லர் படிவுப் பாறைகளை நாடினார். ஆற்றுநீரில் எளிதில் கரையாத அருமண் தனிமங்கள் களிமண்ணோடு பயணித்துக் களிப்பாறையில் தங்கிவிடுகின்றன. ஆகவே ஒரு களிப்பாறையின் அருமண் கோலம் அது அரிக்கப்பட்ட பரந்த நிலத்தின் சராசரியைக் காட்டும். 1976இல் நான்ஸும் டெய்லரும் வெளியிட்ட ஆஸ்திரேலியக் களிப்பாறை ஆய்வில், ஆர்க்கியன் காலத்துக்குப் பிற்பட்ட களிப்பாறைகள் யாவும் ஏறத்தாழ ஒரே கோலம் கொண்டிருந்தன. அவற்றில் யூரோப்பியம் மட்டும் எதிர்பார்ப்பைவிடக் குறைந்திருந்தது.

அருமண் தனிமங்களுள் யூரோப்பியத்துக்குத் தனி இயல்பு உண்டு. பிற பெரும்பாலும் மூன்று மின்னேற்றம் பெற்று நிற்க, யூரோப்பியம் இரண்டு மின்னேற்றத்துடனும் நிற்கும். அந்நிலையில் கால்சியத்தின் இடத்தில் பிளஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பாரினுள் எளிதில் புகும். ஒரு பாறையில் யூரோப்பியம் குறைந்திருந்தால், அதனைத் தந்த குழம்பு எங்கோ பிளஜியோகிளேஸை விட்டுவந்தது எனப் பொருள். பிளஜியோகிளேஸ் மிகுந்த அழுத்தத்தில் நிலைக்காது. ஏறத்தாழ 40 கி.மீ. ஆழத்துக்குள்தான் எஞ்சி நிற்கும். எனவே கண்டத்தின் மேற்பகுதி கவசத்திலிருந்து நேராக வந்ததன்று, மேலோட்டின் அடிப்பகுதியே மீண்டும் உருகியதால் மேலெழுந்தது என்னும் முடிவு பெறப்பட்டது. களிப்பாறையில் குறையும் யூரோப்பியம் ஆண்டசைட்டில் குறைவதில்லை. மேலோடு முழுவதும் ஆண்டசைட் கூறுடையதாகத் தோன்றிப் பின்னர் இரண்டாகப் பிரிந்தது என்பது அதற்கு இயைந்த விளக்கம்.

இவ்வகைச் சிந்தனைக்கு நிலவு உரமிட்டது. 1969 ஜூலையில் அப்போலோ 11 கொணர்ந்த பாறையின் முதற் பகுப்பாய்வை ஹூஸ்டனில் நடத்தியவர் டெய்லர். நிலவின் கருநிறச் சமவெளிப் பசால்ட்டுகளில் யூரோப்பியம் குறைந்தும், வெளிறிய மேட்டுநிலப் பாறைகளில் மிகுந்தும் இருப்பது விரைவிலேயே தெளிவாயிற்று. பிளஜியோகிளேஸ் மிதந்து மேட்டுநிலமாகத் திரண்டதால், பின்னர்த் தோன்றிய பசால்ட்டுகளின் மூலம் யூரோப்பியத்தை இழந்துவிட்டிருந்தது. ஓரிடத்தில் குறைந்தது வேறிடத்தில் மிகுந்திருக்கும் என்னும் கணக்கை நிலவில் முழுமையாகக் காண முடிந்தது. புவியில் அவ்வாறு மிகுந்திருக்க வேண்டிய இடம் மேலோட்டின் அடிப்பகுதி.

அவ்வடிப்பகுதியை நேரில் காண இருவழிகள் உண்டு. எரிமலைக் குழம்பு பிய்த்தெடுத்து வரும் பாறைத் துண்டுகள் ஒன்று. மலையெழுச்சியாலும் அரிப்பாலும் வெளிப்பட்ட கிரானுலைட் நிலப்பகுதிகள் மற்றொன்று. இரண்டாவதன் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் தமிழகமும் ஒன்று. சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையும் கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள கல்லும் ஒரே வகையின என உணர்ந்து, தாமஸ் ஹாலந்து அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். 1900இல் அப்பாறைத் தொகுதியைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். தம் காலத்தில் அவர் அதனைத் தீப்பாறையாகக் கண்டார். அது மேலோட்டின் ஆழத்தில் சமைந்த பாறை என்னும் பொருள் பின்னரே முழுமையாக விளங்கியது.

மாதிரியைத் திருத்திய ஆசிரியர்

டெய்லர் தம் மாதிரியைப் பற்றிக்கொண்டு நின்றவர் அல்லர். ஸ்காட் மெக்லெனனுடன் 1985இல் வெளியிட்ட கண்ட மேலோடு பற்றிய நூலில், மேலோட்டின் பெரும்பகுதி ஆர்க்கியன் காலத்திலேயே உருவாகிவிட்டது என்றும், அக்காலப் பாறைகள் ஆண்டசைட் அல்ல, பசால்ட்டும் சிலிக்கா மிகுந்த பாறையுமாகிய இருவகைக் கலவை என்றும் ஏற்றுக்கொண்டார். ஆண்டசைட் மாதிரிக்கு அதில் ஒதுக்கப்பட்டது மேலோட்டின் கால் பங்கு மட்டுமே. நிக்கலும் குரோமியமும் இத்திருத்தத்துக்கு ஒரு காரணம். தீவு வில் ஆண்டசைட்டில் இவை மிகக் குறைவு. கண்ட மேலோட்டில் இருக்கவேண்டிய அளவு அதனினும் பன்மடங்கு. சிலிக்காவில் பொருந்திய சராசரி நிக்கலில் பொருந்தவில்லை. தாம் அளந்த தனிமங்களின் பட்டியல் நீண்டபோது தம் கருத்தைத் தாமே சுருக்கிக்கொண்ட இந்நேர்மை, பின்னாளில் ஆண்டசைட் மாதிரியை மேற்கோள் காட்டுவோர் பலரால் கவனிக்கப்படவில்லை.

இதனினும் ஆழமான இடர்ப்பாடு வேறு திசையிலிருந்து வந்தது. 1970களிலும் 1980களிலும் நடந்த ஆய்வுகள், பெரும்பாலான தீவு வில்களில் அமிழும் தட்டு உருகுவதில்லை எனக் காட்டின. தட்டு தன் கனிமங்களில் தாங்கிவரும் நீரை ஆழத்தில் வெளியேற்றுகிறது. அந்நீர் மேலேயுள்ள கவசப் பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. கவசம் உருகித் தருவது பசால்ட். ஆண்டசைட் எரிமலையின் வாயில் தோன்றும் பொருளேயன்றி, கவசத்திலிருந்து மேலோட்டுக்குள் நுழையும் பொருள் அன்று. இளமையும் வெப்பமும் மிக்க தட்டுகள் அமிழும் சில இடங்களில் தட்டே உருகுவதுண்டு. அலூசியனின் அடாக் தீவில் ராபர்ட் கே 1978இல் விவரித்த பாறைகள் அத்தகையன. 1990இல் அவ்வகை அடாகைட் எனப் பெயர் பெற்றது. எனினும் அது பொதுவிதி அன்று.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிரீனும் ரிங்வுட்டும் தந்த எளிய விடை பறிபோயிற்று. நுழைவது பசால்ட்டாயின், 59 விழுக்காட்டுச் சிலிக்காவுடைய மேலோடு மிஞ்சுவதற்கு எச்சம் ஒன்று பிரிந்தாக வேண்டும். போவெனின் பழைய கேள்வி மீண்டும் வாயிலில் வந்து நின்றது.

1990களில் நிலநடுக்க அலைகளைக் கொண்டு தீவு வில்களின் உள்ளமைப்பை அறிய முயன்றபோது கிடைத்த சான்றுகளும் ஒருமுகமாக இல்லை. ஜப்பானுக்குத் தெற்கே இசு வில்லில், மேலோட்டின் நடுவே நொடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகத்தில் அலை செல்லும் அடுக்கு இருப்பதை 1996இல் சுயெஹிரோ குழுவினர் கண்டனர். கிரானைட் குடும்பப் பாறைக்குரிய வேகம் அது. கண்டம் கருக்கொள்வதாக அதனைப் பலர் வரவேற்றனர். 1999இல் வெளிவந்த அலூசியன் ஆய்விலோ அத்தகைய அடுக்கு காணப்படவில்லை. வில் முழுவதும் பசால்ட்டை ஒத்த கூறுடையதாகவே தோன்றியது.

எச்சத்துக்குச் செல்லுமிடம் ஒன்றைக் காட்டியவர்கள் நிக்கோலஸ் ஆண்ட், ஸ்டீவன் கோல்ட்ஸ்டைன் ஆகியோரும், ராபர்ட் கே, சுசான் கே இணையரும் ஆவர். மேலோட்டின் அடியில் தேங்கும் சிலிக்கா குறைந்த பாறை போதிய ஆழத்தில் கார்னெட் நிறைந்ததாக மாறி, அடியிலுள்ள கவசத்தைவிட அடர்த்தி மிகும். பின்னர் அது கழன்று கவசத்துள் மூழ்கும் என்றனர். இயற்பியல் நோக்கில் இது ஏற்கத்தக்கது. ஆய்வுமுறை நோக்கில் ஓர் ஐயம் எழுந்தது. காணாமற்போன பொருளைக் கொண்டு கணக்கை நேர்செய்வதாயின், எக்கணக்கையும் அவ்வாறு நேர்செய்துவிடலாம். மூழ்கியது மூழ்கியதே என்பதற்குச் சான்று வேண்டும்.

கோஹிஸ்தான் தந்த குறுக்குவெட்டு

அச்சான்றை ஒரு நெடுஞ்சாலை வெளிப்படுத்தியது எனில் மிகையாகாது. பாகிஸ்தானின் வடபகுதியில் சிந்து ஆற்றை ஒட்டிச் செல்லும் காரகோரம் நெடுஞ்சாலை 1970களின் இறுதியில் நிறைவுற்றது. வெட்டப்பட்ட மலைச்சரிவுகளில் புதிய பாறைமுகங்கள் வெளிப்பட்டன. 1979இல் பெஷாவர்ப் பல்கலைக்கழகத்தின் தாஹிர்கேலி பிரெஞ்சு அறிஞர்களுடன் இணைந்து, இமயத்துக்கும் காரகோரத்துக்கும் இடைப்பட்ட கோஹிஸ்தான் என்பது டெதிஸ் கடலில் உருவாகி இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே சிக்குண்ட பழந்தீவு வில் எனக் காட்டினார். காசிம் ஜானும் ஹோவியும் 1981இல் அதன் தென்கோடியில் உள்ள ஜிஜால் தொகுதியின் கனிமங்களை விரிவாக வெளியிட்டனர்.

மோதலில் வில் சாய்ந்துவிட்டமையால் கோஹிஸ்தானில் ஆழம் கிடைமட்டமாக விரிந்து கிடக்கிறது. தெற்கே ஜிஜாலில் தொடங்கி வடக்கே கில்கிட் நோக்கிச் செல்பவர், வில்லின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவதற்கு நிகரான பயணம் மேற்கொள்கிறார். முதலில் ஆலிவினும் பைராக்சீனும் மட்டுமே கொண்ட பாறைகள். அவற்றின்மேல் கார்னெட் நிறைந்த காப்ரோக்கள். அடுத்துக் கமிலாவின் ஆம்ஃபிபோலைட்டுகள். பின்னர்ச் சிலாஸ் தொகுதியின் காப்ரோக்கள். அதற்கப்பால் கிரானைட் குடும்பப் பெரும்பாறைத் திரள். இறுதியில் எரிமலைப் பாறைகளும் படிவுகளும். அடிப்பகுதியின் கனிமங்கள் ஏறத்தாழ 50 கி.மீ. ஆழத்துக்குரிய அழுத்தத்தைப் பதிவுசெய்துள்ளன. இத்துணை முழுமையான வில் குறுக்குவெட்டு உலகில் மிகச் சிலவே. அலாஸ்காவின் தால்கீட்னா அவற்றுள் மற்றொன்று.

ஆலிவர் யாகூட்ஸ், மாக்ஸ் ஷ்மிட் ஆகியோர் இங்கே செய்தது டெய்லரின் பணிக்கு நேரெதிர்த் திசையிலானது. டெய்லர் விளைபொருள்களின் சராசரியை ஒப்பிட்டார். இவர்கள் ஒரே வில்லின் ஒவ்வோர் அடுக்கையும் அதன் தடிப்பால் எடையிட்டுக் கூட்டினர். 2012இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி கோஹிஸ்தான் வில்லின் முழுக்கூறில் சிலிக்கா ஏறத்தாழ 57 முதல் 59 விழுக்காடு. 1985இல் டெய்லரும் மெக்லெனனும் கண்ட மேலோடு முழுவதற்கும் கணித்தது 57.3 விழுக்காடு, ராபர்ட்டா ரட்னிக், டேவிட் ஃபவுன்டன் 1995இல் கணித்தது 59.1 விழுக்காடு. வில்லிலிருந்து கண்டம் பிறக்கும் என்னும் டெய்லரின் அடிப்படைக் கூற்று இங்கே நிலைபெற்றது.

ஆனால் வழி வேறு. ஜிஜாலின் பைராக்சீன் பாறைகளும் கார்னெட் காப்ரோக்களும் குழம்பிலிருந்து படிந்த எச்சங்கள். நீர் மிகுந்த பசால்ட் குழம்பு ஆழத்தில் குளிர்கையில் பைராக்சீனும் ஆம்ஃபிபோலும் கார்னெட்டும் முந்திப் படிகமாகின்றன. நீரும் அழுத்தமும் பிளஜியோகிளேஸைப் பின்தள்ளுகின்றன. முந்திப் பிரிபவை சிலிக்கா குறைந்தவையாதலால் எஞ்சும் குழம்பு விரைவில் ஆண்டசைட்டாகிறது. பிளஜியோகிளேஸ் பிரியாமையால் யூரோப்பியம் குறையாமலே அவ்வாறு ஆகிறது. ஆண்டசைட்டில் யூரோப்பியக் குறைபாடு இன்மையை டெய்லர் கண்டார். அதற்கான காரணம் ஜிஜாலின் கார்னெட்டில் இருந்தது.

முந்திப் படிந்த இவ்வெச்சங்கள் கோஹிஸ்தானில் கணக்குக்குப் போதிய அளவில் இல்லை. நுழைந்த பசால்ட்டுக்கும் நிற்கும் மேலோட்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஈடுசெய்யத் தேவையான பைராக்சீன் பாறையில் ஒரு பகுதியே காணக்கிடக்கிறது. தால்கீட்னாவிலும் இதே பற்றாக்குறையைக் காண்கிறோம். கிடைத்துள்ள பகுதியோ எவ்வகைப் பாறை மூழ்கியிருக்கும் என்பதைத் திட்டமாகக் காட்டுகிறது. 2013இல் யாகூட்ஸும் மார்க் பேனும் ஜிஜாலின் கார்னெட் பாறைகள் அடியிலுள்ள கவசத்தைவிட அடர்த்தி மிக்கவை எனவும், வெப்பமான வில்லில் அவை நிலைத்திருக்க இயலாதவை எனவும் கணக்கிட்டனர். விழவேண்டிய பாறை விழாமல் குளிர்ந்து நின்றதையே ஜிஜாலில் காண்கிறோம். மேலே எழுப்பிய ஆய்வுமுறை ஐயத்துக்கு இது முழு விடை ஆகாது. காணாத பொருளின் தன்மையைக் காணும் பொருள் கொண்டு வரையறுத்தது என்னும் அளவில் அது பெரிய முன்னேற்றமே.

இழப்பின் கணக்கு

டெய்லரின் 1967ஆம் ஆண்டுத் தலைப்பிலேயே 'வளர்ச்சி' என்னும் சொல் இருந்தது. கண்டங்கள் வளர்கின்றனவா என்பதையே மறுத்தவர் ரிச்சர்ட் ஆம்ஸ்ட்ராங். 1968 முதல் அவர் வாதிட்டது இதுதான்: மேலோட்டின் அளவு புவியின் இளமையிலேயே ஏறத்தாழ இன்றைய நிலையை எட்டிவிட்டது, அதன்பின் இணையும் எல்லைகளில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு கவசத்துள் திரும்புகிறது. கண்டப் பாறை இலேசானது, அமிழாது என்னும் நம்பிக்கை ஓங்கியிருந்த காலத்தில் இக்கருத்து நெடுநாள் புறக்கணிக்கப்பட்டது. 1991இல், ஆம்ஸ்ட்ராங் மறைந்த அதே ஆண்டில், ரோலண்ட் ஃபான் ஹூனேயும் டேவிட் ஷோலும் அகழிகளில் படிவோடும் அரிக்கப்பட்ட விளிம்புப் பாறையோடும் கவசத்துள் செல்லும் கண்டப் பொருளை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 கன கி.மீ. எனக் கணித்தனர். வில்களில் புதிதாகச் சேர்வதற்குக் கணிக்கப்பட்டிருந்த அளவும் அதற்கு அண்மையானதே.

இவ்வாறு அமிழும் கண்டப் பொருள் முழுதும் கவசத்தில் கரைந்துவிடுவதில்லை என்பது பிராட்லி ஹேக்கர், பீட்டர் கெலமன், மார்க் பேன் ஆகியோர் 2011இல் முன்வைத்த கருத்து. சிலிக்கா மிகுந்த படிவுகள் ஆழத்தில் சூடேறிய பின்னும் கவசத்தைவிட இலேசாகவே இருக்கும். அவை மேலெழுந்து மேலோட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இதன்படி கண்டத்தின் சராசரி சிலிக்கா மிகுந்திருப்பதற்கு அடர்ந்த எச்சம் கழன்று விழுவது மட்டுமே காரணம் அன்று; இலேசானது அடியிலிருந்து திரும்பி வருவதும் காரணமாகலாம். நிலநடுக்க அலைகள் இவ்விரண்டையும் எளிதில் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே ஆழத்திலிருந்து வெளிப்பட்ட பாறைகளே மீண்டும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன.

அச்சாட்சிகளுள் நீலகிரியும் உண்டு. அதன் சார்னோக்கைட்டுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இணையும் எல்லை ஒன்றில் தோன்றிய வில் குழம்பிலிருந்து வந்தவை என 2014இல் வெளியான ஆய்வு ஒன்று வாதிடுகிறது. சார்னோக்கைட்டுகளுக்கு இடையே காப்ரோ வழிவந்த பாறைகளும் பைராக்சீன் மிகுந்த பாறைக் கீற்றுகளும் ஆங்காங்கே உள்ளன. அவை ஜிஜாலில் கண்டது போன்ற எச்சத்தின் மிச்சங்களா, வேறு வழியில் வந்து சேர்ந்தவையா என்பதை அவற்றின் கனிமக் கூறும் யூரோப்பிய அளவும் கொண்டு சோதிக்க இயலும்.